குரோடானுக்குக் கீழே மணவறை

தேவமலர் தன் இளைய மகனின் கலியாணத்துக்கு ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். சாதகம் அரைகுறையாகப் பொருந்தினாலும் பரவாயில்லை. பெண்ணுக்குப் புட்டு அவிக்கத் தெரியாது என்பதைக்கூடப் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார். ஆனால் தாலி மட்டும் நடேசன் அண்ணையின் மகரத்துக்குக் கீழேதான் ஏறவேண்டும்.

"சுலக்சன், நல்லாக் கேள். உன்ர கொண்ணைக்கு விட்ட பிழையை உனக்கும் விடமாட்டன். மணவறையில வைச்ச ரெண்டு பிளாஸ்ரிக் அன்னத்தை நம்பி அவன்ர வாழ்க்கையைக் குடுத்தனான்."

"அம்மா, கார்த்திகன் அண்ணை பிரிஞ்சதுக்கு அன்னம் என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிழை. ரெண்டும் சும்மா பாத்துக்கொண்டு நிண்டதுகள்."

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் மணவறைச் சோடனை செய்யும் நடேசனிடம் ஒரு மகரத் தலை இருந்தது. ஒரு சின்னக் காரளவு இருந்தாலும் உள்ளே வெறும் கூடு, அளவுக்கேற்ற பாரமில்லை. பிதுங்கிய கண்கள், பிளந்த வாய், வரிசை தப்பிய பற்கள், இரண்டு கொம்புகள். நடேசன் அதற்குப் பொன்நிறம் பூசி, கொம்புகளில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, கண்களுக்குள் சிவப்பு பல்ப் வைத்திருந்தார். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அதன் வாயிலிருந்து வெண்புகை வரும். அதன்கீழ் தாலி கட்டியவர்கள் பிரிந்ததில்லை என்பது எசனிலிருந்து கொலோன் வரை தமிழர்கள் அறிந்த விடயம். ஒரு தம்பதி மட்டும் கொஞ்சக் காலம் பிரிந்திருந்தார்கள். அவர்கள் கலியாணம் செய்தபோது இடது கொம்பு உடைந்திருந்தது என்று பிறகு தெரியவந்தது. கொம்பை ஒட்டியதும் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த நிபந்தனையால் எந்தத் தொல்லையும் வருமென்று சுலக்சன் நினைக்கவில்லை. ஏனென்றால் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளே நடேசனின் மகள் கவிசாதான். அவன் வேலை செய்யும் கண்ணாடிக்கடைக்கு அவள் மூன்றாவது தடவையும் கண் பரிசோதிக்க வந்தபோது, அவள் பார்வையில் ஒரு குறையுமில்லை என்பதையும், குறை தன் விளக்கத்தில்தான் என்பதையும் அவன் புரிந்துகொண்டான். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் குறிக்கப்பட்டது. அதை விட்டால் ஆடி. ஆடியை விட்டால் மண்டபம் அடுத்த வருடம்தான்.

இனி அந்த மகரத்தின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டும்.

நடேசன் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைத் துப்புரவு செய்யப் போனார். மூலையில் தார்ப்பாய்க்குள் அந்தத் தலை கிடந்தது. "கொண்டுபோகிறாயா, குப்பையில் போடவா?" என்று கேட்டார் சொந்தக்காரர். கோயில் தோரணத்தில் பார்த்துப் பழகிய முகம் குப்பைக்குப் போவதை நடேசன் பொறுக்கவில்லை. மரக்கறி வான் ஒன்றை இரவல் வாங்கி ஏற்றிவந்தார். வாசலில் அவருடைய மனைவி அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

உண்மையில் அது மகரமல்ல. எழுபதுகளில் ஒரு ஜப்பானியப் படக் கம்பனி கெல்சென்கிர்ச்சனைச் சுற்றியுள்ள ரூர் பகுதியில் எடுக்கத் திட்டமிட்டுக் கைவிட்ட இராட்சத மிருகப் படத்தின் நாயகன். பெயர் குரோடான். நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் உறங்கி எழுந்து, ஊர்களை மிதித்துக்கொண்டு கொலோன் வரை நடக்கவேண்டியவன். தலையைச் செய்து முடித்ததோடு கம்பனி கைவிரித்துவிட்டது. கழுத்துக்குக் கீழே குரோடான் என்பது வெறும் எண்ணம்தான்.

இதை யாரும் அறியாமல் பல நூறு தாலிகள் ஏறின. பிறகு ஒருநாள் ஒரு மணமகளின் தோழி இன்ஸ்ரகிராமில் போட்ட படத்தை ஒசாகாவில் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் எசனிலுள்ள "எடுக்கப்படாத திரைப்படங்களின் காப்பக"த்துக்கு எழுதினார்.

பெயரிலிருந்தே விளங்கும்: எடுக்கத் திட்டமிட்டு எடுக்காமல் விட்ட படங்களை அரசுச் செலவில் பேணும் நிறுவனம் அது. அதன் ஆண்டறிக்கை எப்போதும் கடைசி அத்தியாயம் இல்லாமலே அச்சாகும். கணக்காய்வாளர்கள் அதைப் பாராட்டியும் இருக்கிறார்கள். கட்டடத்தின் மின்தூக்கி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒருநாள் நின்றுவிட்டது. திருத்தவேண்டாம் என்று நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்து, அதற்கு ஒரு பித்தளைப் பலகை மாட்டியது.

காப்பகத்தின் இயக்குநர் டொக்டர் வொஸ்விங்கெல். வெள்ளைக் கையுறை அணிந்து நடேசன் சோடனைச் சாமான்களை வைக்கும் கிட்டங்கிக்கு வந்தவர், தலையைக் கண்டதும் மண்டியிட்டுவிட்டார். நடேசன் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அடுத்த வாரம் எசனில் நடேசனுக்குப் பாராட்டு விழா. தமிழ்ச் சங்க விழாக்களில் காலம் முழுவதும் மேடைக்குப் பூ கட்டியவருக்கு, முதல் தடவையாக மேடையில் ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள். நடேசன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்து, தன்னால் முடிந்த ஜேர்மனில் சொன்னார்: "இது என்னுடையதில்லை. உங்களுடையது. என் வீடும் உங்களுடையதுதான். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

நம்முடைய மண்டபமாக இருந்தால் இதற்குக் கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். எசனில் முன்வரிசையில் காப்பகத்தின் சட்டத்தரணி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையிலேயே லொறி வந்தது. தலையை ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டை எடுக்காமல் விட்டதற்குக் காரணம், அது கட்டிமுடிக்கப்பட்ட வீடு என்பதுதான்.

செய்தி கேட்டுத் தேவமலர் பஸ் பிடித்து வந்தார்.

"அண்ணை, சும்மா மரியாதைக்குச் சொன்னனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லித் திருப்பிக் கேளுங்கோவன்."

"வீட்டுக்குள்ள சொன்னதெண்டால் மாத்தலாம் தங்கச்சி. மைக்கில சொன்னதைத் திருப்பி வாங்க ஏலாது. நாளைக்கு ஆர் என்னை நம்பி மணவறை தருவினம்?"

"அப்ப என்ர பிள்ளை எதுக்குக் கீழ தாலி கட்டுறது?"

நடேசன் சற்று யோசித்தார். "கிட்டங்கியில ரெண்டு அன்னம் கிடக்கு…"

தேவமலர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

இப்படித்தான் சுலக்சன் காப்பகத்தின் படிகளில் ஏறத் தொடங்கினான். முதல்நாள் வரவேற்பறையில் ஒருவர் அவனுக்காகக் காத்திருந்தார்.

"வணக்கம் ப்ரோ, நான் பார்த்தசாரதி. சென்னை. ஆக்சுவலா நான் இங்க டேட்டாபேஸ் பாக்கறேன். உங்களுக்குக் கல்ச்சரல் மீடியேட்டரா என்னைப் போட்டிருக்காங்க."

"எனக்கேன் அண்ணை? நான் இஞ்சதானே பிறந்தனான்."

"நானும் அதான் சொன்னேன். என்னோட ஜெர்மன் ஏ-டூ லெவல்தான் ப்ரோ. யாரு கேக்கறாங்க? ப்ராசஸ் சிம்பிள். டாக்டர் ஜெர்மன்ல பேசுவார். அவர் என்ன சொன்னார்னு நீங்க எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. நான் அதை உங்களுக்குத் தமிழ்ல எக்ஸ்ப்ளெயின் பண்றேன். அப்பத்தான் அது அஃபிஷியல்."

டொக்டர் வொஸ்விங்கெல் மரியாதையான மனிதர். சுலக்சன் பேசும்போது பார்த்தசாரதியைப் பார்த்துத் தலையாட்டினார். பார்த்தசாரதி சுலக்சனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"கலியாணத்துக்கு ஒரு நாள் மட்டும் அந்தத் தலை வேணும். அடுத்தநாள் திருப்பித் தந்துவிடுவோம்," என்றான் சுலக்சன் நல்ல ஜேர்மனில்.

"குரோடானை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும்," என்றார் வொஸ்விங்கெல். "ஐந்து கருத்துருக்கள் இருந்தன. ஐந்தும் கைவிடப்பட்டன. எமது சேகரிப்பில் இவ்வளவு முழுமையாகக் கைவிடப்பட்ட படம் வேறில்லை."

பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் கருத்துருவில் குரோடான் நிலக்கரி தின்பவன். சுரங்கங்கள் மூடப்பட்டு வந்த காலமாதலால் அவனுக்குச் சாப்பாடு போதாதென்று அதைக் கைவிட்டார்கள். இரண்டாவதில் அவனுக்கு இரண்டு தலை. ஒன்று மனிதரை நேசிக்கும், மற்றது வெறுக்கும். எது கதாநாயகன் என்று தயாரிப்பாளர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். மூன்றாவதில் அவன் கொலோன் தேவாலயத்தைத் தன் தாயென்று எண்ணி அதன் அருகே படுத்து அழுவான். அழுவதற்கு இரப்பர் முகம் ஒத்துழைக்கவில்லை. நான்காவதில் ரைன் பாலத்தைக் கடக்க நகரசபை அவனிடம் அனுமதிப் பத்திரம் கேட்கும். குரோடான் வரிசையில் நிற்பான். படம் முடியும்வரை நிற்பான்.

"ஜப்பானியர்களுக்கு அந்தக் கதை விளங்கவில்லை," என்றார் வொஸ்விங்கெல். "எங்கள் ஆட்களுக்கு அதில் கதை என்று எதுவும் தெரியவில்லை."

"ஐந்தாவது?"

"ஐந்தாவதில் அவன் திருமணம் செய்துகொள்வான். பெண் மிருகத்துக்கு ஆடை தைக்க ஆளில்லை."

சுலக்சனுக்குக் குரோடான்மீது முதல் தடவையாக இரக்கம் வந்தது.

தலையைக் கேட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டான். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. எப்போது என்று கேட்டதற்கு, பரிசீலனையை முடிப்பது காப்பகத்தின் இயல்புக்கு மாறானது என்று இன்னொரு பதில் வந்தது. இயக்குநரைச் சந்திக்க டெர்மின் கேட்டான். "வெளிவராத நாள் விழா"வுக்கு வந்தால் இயக்குநரை இடைவேளையில் பிடிக்கலாம் என்று பார்த்தசாரதி இரகசியமாகச் சொன்னார்.

கவிசாவையும் கூட்டிக்கொண்டு போனான். குரோடான் வெளிவந்திருக்கவேண்டிய நாளின் ஆண்டுநிறைவு அது. வாசலில் விரித்த சிவப்புக் கம்பளம் பாதியில் நின்றது. எல்லோரும் அதுவரை கம்பீரமாக நடந்து, பிறகு சாதாரணமாக நடந்தார்கள். உள்ளே விளக்குகள் அணைந்தன. வெண்திரை வெறுமையாக இருந்தது. ஒரு முழுப்படத்தின் நேரம் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நடுவில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிலர் அந்த இடத்தில் சிரிக்கத் தவறியதை எண்ணி வருந்தியதுபோல் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்குக் கண்ணாடி போட்டுப் பாக்கவேணுமோ, போடாமல் பாக்கலாமோ?" என்று கவிசா அவன் காதுக்குள் கேட்டாள்.

"சும்மா இரும். பின்னால ஆக்கள் பாக்கினம்."

பின்னால் இருந்த விமர்சகர் தன் மனைவியிடம், கடைசிப் பகுதி கொஞ்சம் இழுவை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடையில், கண்ணாடிக் கூண்டுக்குள் குரோடானின் தலை இருந்தது. பொன்பூச்சைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். மல்லிகைச் சரமில்லாமல், பழைய சாம்பல் நிறத்தில், மாமனார் வீட்டில் முதல் இரவு தங்கிய மாப்பிள்ளைபோல் அது விழித்தது. கவிசா சுலக்சனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வொஸ்விங்கெல் பேச வந்தார்.

"மற்ற நிறுவனங்கள் முடிந்தவற்றைப் பாதுகாக்கின்றன. அது யாராலும் முடியும். ஒன்றை முடிக்காமல் விடுவதற்கு நிர்வாகம் வேண்டும். நிதி வேண்டும். பயிற்றப்பட்ட ஊழியர்கள் வேண்டும். சென்ற ஆண்டு நாங்கள் எதையும் முடிக்கவில்லை; அதற்காக அமைச்சு எங்கள் ஊழியர் தொகையை இரட்டிப்பாக்கியது. இதோ குரோடான்! முடிந்த படமொன்றில் இந்த முகம் தோன்றியதில்லை. ஒரேயொரு படத்தில் தோன்றியிருக்கிறதென்று யாராவது எனக்குக் காட்டினால், நானே இதை முதுகில் சுமந்து வெளியே கொண்டுபோய் வைப்பேன். ஏனென்றால், பெருமக்களே, அதன்பிறகு இது வெறும்…"

அவர் அங்கே நிறுத்தினார். காப்பகத்தின் உரைகள் கடைசி வாக்கியத்துக்கு முன் நிற்பது மரபு. அரங்கம் எழுந்து கைதட்டியது.

பிறகு கூண்டருகே வைத்து அவர் சுலக்சனுக்கு ஒரு சமரசம் சொன்னார். திருமணத்தைக் காப்பக மண்டபத்திலேயே, குரோடானுக்குக் கீழேயே வைக்கலாம். ஆனால் நிறைவு செய்யக்கூடாது.

"உங்கள் சடங்கில் எத்தனை முடிச்சு?"

"மூன்று."

"இரண்டுக்குச் சம்மதம்." அவர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். "மூன்றாவதை வாகனத் தரிப்பிடத்தில் போட்டுக்கொள்ளலாம். அது எமது எல்லைக்கு வெளியே."

பார்த்தசாரதி சுலக்சனைப் பார்த்தார். "என்ன ப்ரோ சொல்றார்?"

சுலக்சன் தமிழில் சொன்னான். பார்த்தசாரதி தலையைச் சொறிந்தார். "சாரி ப்ரோ. இதை எப்படி எக்ஸ்ப்ளெயின் பண்றதுன்னு எனக்குத் தெரியல."

வீட்டில் இதைக் கேட்டதும் தேவமலர் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மூண்டாவது முடிச்சைக் கார்ப் பார்க்கில போடலாம் அம்மா, எனக்கென்ன. ஆனா மண்டபத்தில இருந்து கார்ப் பார்க்குக்குப் போற வழியில அந்தப் பிள்ளை ஆரின்ர பெண்சாதி?"

"நடுவில நிக்கிற அந்த லிஃப்டின்ர பெண்சாதி!" என்று கத்தினார் தேவமலர். "எனக்கு வேண்டாம் இந்த விளையாட்டு. மகரம் வரட்டும், பிறகு கலியாணத்தைப் பாப்பம். வாற வருசமெண்டாலும் பரவாயில்லை."

அன்று பின்னேரம் சுலக்சனும் கவிசாவும் கால்வாய்க் கரையில் நடந்தார்கள். கரிப் படகு ஒன்று மெதுவாகப் போனது.

"தலையை விடுங்கோ," என்றாள் கவிசா. "எனக்கு அது வீட்டுச் சாமான். சின்னனில அதின்ர வாய்க்குள்ள இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தனான். அது இல்லாட்டிலும் நான் உங்களைக் கட்டுவன்."

"அப்ப அம்மாவிட்ட நான் கதைக்கிறன். அன்னத்தோட செய்வம்."

"இல்லை. உங்கட அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு நிக்க நான் அந்த வீட்டுக்கு வரமாட்டன். கார்த்திகன் அண்ணையின்ர மனுசிக்கு என்ன நடந்தது? தேத்தண்ணிக்குச் சீனி கூடினாலும் அன்னத்தின்ர கதைதானே வரும். அந்தப் பிள்ளை ஓடினது புருசனை விட்டு இல்லை, அன்னத்தை விட்டு."

"அப்ப வாற வருசம்…"

அவள் நின்றுவிட்டாள். "வாற வருசம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ சுலக்சன். அப்பிடிச் சொன்ன ஆக்களைத்தான் அந்தக் கட்டடத்தில அடுக்கி வைச்சிருக்கினம்."

அவள் தனியாக பஸ்ஸில் போனாள். சுலக்சன் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் கண்ணாடிக்கடையில் ஒரு பாட்டியின் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டான். அவர் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவமலர் வழக்கம்போல் ஒரு டிவிடியைப் போட்டுவிட்டுச் சோபாவில் காலை நீட்டினார். சுலக்சன் பாத்திரம் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான். திரையில் பெரிய எழுத்தில் பெயர்கள் வந்தன. இரண்டு இதயங்கள் மோதி வெடித்தன. ஒல்லாந்தின் துலிப் வயலில் ஒரு பெண்ணும் ஆணும் மெதுவாக, மிக மெதுவாக, ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினார்கள். பாட்டு. இன்னொரு பாட்டு. மண்டபம். கெட்டிமேளம். பிறகு திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. கண்கள் சிவந்தன. வாயிலிருந்து புகை கிளம்பியது.

சுலக்சனின் கையிலிருந்த தட்டம் நழுவி விழுந்தது.

"அம்மா, இது என்ன?"

"மச்சாளின்ர கலியாணப் படம். கண்ணாடிக்கடையில வேலை செய்யிறாய், உனக்குக் கண் தெரியேல்லையோ?"

"முடியுமோ?"

"என்ன முடியுமோ?"

"படம். கடைசியில முடியுமோ?"

"முடியாமல்? ஆரூரன் எடுத்தது. ரெண்டு பாகம். கடைசியில பொம்பிளை அழுதுகொண்டு காரில ஏற, 'சுபம்' எண்டு போடுவான். நான் எப்பவும் அந்த இடத்தில அழுவன்." தேவமலர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஏன் இப்ப அழுறாய்?"

அடுத்த சில நாட்கள் சுலக்சன் வீடு வீடாகப் போனான். மகரத்துக்குக் கீழே கலியாணம் செய்த எல்லோரும் தங்கள் படங்களைத் தந்தார்கள். எடுத்துக் கொடுப்பதற்கு முன் எல்லோரும் அவனை இருத்தி ஒரு பாகமாவது பார்க்கவைத்தார்கள், கூடவே வடையும் தந்தார்கள். கவிசாவுக்கு அவன் ஒரு செய்தி அனுப்பினான்: "வாற வருசம் இல்லை." அவள் பதில் அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் தகப்பனின் வானைக் கொண்டுவந்து பெட்டிகளை ஏற்றினாள்.

காப்பகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. பெட்டிகளைப் பார்த்து வொஸ்விங்கெல் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

"இவை குடும்பப் பதிவுகள். திரைப்படமென்றால் தலைப்பு, கதாபாத்திரங்கள், இசை, இயக்குநர், முடிவு ஆகியவை வேண்டும்."

"எல்லாம் இருக்கிறது," என்றான் சுலக்சன். "இயக்குநரும் வந்திருக்கிறார்."

வீடியோக்கார ஆரூரன் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து நின்றார். ஜேர்மன் கொஞ்சம் தடுமாறியது; ஆனால் தொழிலைப் பற்றிப் பேசும்போது தடுமாறவில்லை. "இயக்கம் என்றால் என்ன? மாலை சரியாக விழவில்லையென்று மாப்பிள்ளையைத் திருப்பிப் போடவைத்திருக்கிறேன். பற்றரி மாற்றும்வரை ஐயரின் மந்திரத்தை நிறுத்தியிருக்கிறேன். பெண்ணின் தகப்பன் போதுமானளவு அழவில்லையென்று மூன்று தடவை அழவைத்திருக்கிறேன். உங்கள் ஜப்பானியர் இதில் எதைச் செய்தார்?"

ஒரு படம் முடிந்ததென்று ஏற்க, குழு அதைக் கடைசிவரை பார்க்கவேண்டும் என்பது காப்பகத்தின் சட்டம். இதுவரை யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. விளக்குகளை அணைத்து, மச்சாளின் கலியாணப் படத்தைப் போட்டார்கள். தேவமலர் கையோடு கொண்டுவந்த மிக்சரைச் சுற்றிக் கொடுத்தார்.

முதல் பாகத்தில் உறுப்பினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். துலிப் வயலில் ஒருவர் நிமிர்ந்தார். சாப்பாட்டுப் பந்திக் காட்சியில், கோபித்துக்கொண்டு வாசலில் நின்ற மாமா கடைசியில் சாப்பிட்டாரா என்று ஒரு பேராசிரியை கேட்டார். அது இரண்டாம் பாகத்தில் வரும் என்றார் தேவமலர். கவிசா அதை ஜேர்மனில் சொன்னாள். பேராசிரியை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு கெட்டிமேளம். திரை முழுவதும் குரோடான் எழுந்தான். பொன்னாக மின்னினான். கண் சிவந்தான். வாய் பிளந்து புகை கக்கினான். கீழே நூற்றுக்கணக்கான மனிதர்கள் ஒரே நேரத்தில் கைகளை உயர்த்தி அவனை நோக்கி எதையோ எறிந்தார்கள். அது அட்சதைதான். ஆனாலும் வொஸ்விங்கெல் எழுந்து நின்றுவிட்டார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"கூட்டக் காட்சிகூட இருக்கிறது," என்று முணுமுணுத்தார். யாருக்கும் சொல்லவில்லை.

"சுபம்" வந்தபோது பேராசிரியை மூக்கைத் துடைத்தார். பார்த்தசாரதி வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தார். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு லீவ் கிடைக்கல ப்ரோ," என்றார்.

வொஸ்விங்கெல் சொன்ன சொல் தவறாதவர். லிஃப்ட் ஒரு நினைவுச்சின்னம் என்பதால் படிகளால் இறங்கவேண்டியிருந்தது. குரோடானை அவர் முதுகில் ஏற்றிக் கட்டினார்கள். முன்னால் கொம்பைச் சுலக்சன் பிடித்தான், பின்னால் பார்த்தசாரதி தாங்கினார். வளைவுக்கு வளைவு வொஸ்விங்கெல் நின்று மூச்சுவாங்கினார். வாசலில் இறக்கி வைத்தபின், சட்டையைச் சரிசெய்துகொண்டு, விழாவில் நிறுத்திய வாக்கியத்தைச் சொல்லிமுடித்தார்: "வெறும் நடிகன்."

நடேசன் புதுப் பொன்பூச்சுப் பூசினார். தான் மைக்கில் கொடுத்ததை அவர்கள் முதுகில் கொண்டுவந்து தந்ததால் அவருடைய மானத்துக்கும் பங்கமில்லை.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், மூன்று முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்தன. மண்டபத்துக்குள் டொக்டர் வொஸ்விங்கெல் பூச்செண்டோடு வந்தபோது வெளிச்சம் போதாதென்று ஆரூரன் அவரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை அவர் மிக இயல்பாக நடந்தார். தேவமலர் மருமகளின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, அண்ணாந்து மகரத்தைப் பார்த்து, அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் நம்மவர் கலியாண வீடியோ எப்போது கைக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். ஆரூரனிடம் கேட்டால், "எடிட்டிங்கில கிடக்கு, இந்தக் கிழமை முடியும்" என்பார். ஆடி போனது. தைப்பொங்கல் போனது. அடுத்த ஆனியும் வந்தது. கவிசா புட்டு அவிக்கப் பழகிவிட்டாள். படம் மட்டும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சுலக்சனின் வீட்டு மணி அடித்தது. வாசலில் வொஸ்விங்கெல், வெள்ளைக் கையுறையோடு. பக்கத்தில் தரையைப் பார்த்தபடி பார்த்தசாரதி.

"குரோடான் கடைசியாக நடித்த படம் ஓராண்டாகியும் வெளிவரவில்லை என்று அறிகிறோம்," என்றார் வொஸ்விங்கெல். குரலில் பழைய பரவசம். "எமது சட்டப்படி அது இப்போது எடுக்கப்படாத படம். தலை, மணப்பெண்ணின் சேலை, மாலைகளின் எச்சம் ஆகியவற்றைப் பொறுப்பேற்க வந்திருக்கிறோம்."

"சாரி ப்ரோ," என்றார் பார்த்தசாரதி.

சுலக்சன் ஆரூரனுக்கு அடித்தான். "அண்ணை, இந்தக் கிழமை முடியும்," என்றது மறுமுனை.

அடுத்த கிழமை கார்த்திகனுக்கு இரண்டாம் கலியாணம். மகரம் கிட்டங்கியில் மல்லிகைச் சரத்தோடு தயாராக இருந்தது. குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தேவமலர், கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வெளியே வந்தார். தன் கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, எதையோ தேடினார்.

"இந்தாரும், பாரும்," என்று தமிழிலேயே சொல்லி வொஸ்விங்கெல்லின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தேவமலர் கலியாணத்தன்று முன்வரிசையில் நின்று தானே எடுத்த படம் அது. ஆடியது. பாதித் திரையை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் மகரத்தின் ஒரு கண், சுலக்சனின் காது, கவிசாவின் குனிந்த கழுத்து. மேளம் உச்சத்துக்குப் போனது. புகை வந்து எல்லாவற்றையும் மூடியது. புகைக்குள்ளிருந்து தேவமலரின் சொந்தக் குரல் கேட்டது, அழுகையோடு: "அப்பாடா. முடிஞ்சுது."

திரை கறுத்தது.

வொஸ்விங்கெல் கைத்தொலைபேசியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இது முழுப் படமா?" என்று கேட்டார்.

கவிசா மொழிபெயர்த்தாள்.

"ஓம் எண்டு சொல்லு. முழுப் படம். எடுத்தது நான்."

வொஸ்விங்கெல் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கவிசா புட்டு எடுக்கக் குசினிக்குப் போனாள்.

"அந்த விரல் வரும் இடத்தை," என்றார் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை போடுவீர்களா?"